உப்புக் காற்றில் எந்த வண்டி நிலைக்கும்?



"எந்த வண்டி நம்பகமானது?" மெக்கானிக்காகிய என்னிடம் மக்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இதுவே. கேட்பவர்களில் பலர் நகரத்தில் உழைத்து மிச்சம் பிடித்த பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து, ஊரில் இருக்கும் தம்பிக்கோ மைத்துனனுக்கோ ஒரு பிக்கப் வாங்கிக் கொடுக்க எண்ணுபவர்கள். அந்த வண்டி ஓடினால் ஒரு குடும்பம் பிழைக்கும். வண்டி நின்றுவிட்டாலோ, மாதத் தவணை நிற்பதில்லை. ஆகவே ஒரு கம்பெனியின் பெயரை மட்டும் சொல்லி இக்கேள்வியை முடித்துவிட எனக்கு மனமில்லை.

வண்டியின் நம்பகம் பாதி அதன் தயாரிப்பில் இருக்கிறது. மறுபாதி அது ஓடும் இடத்திலும், அதைப் பராமரிக்கும் கையிலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அந்தமானின் ஹேவ்லாக் தீவை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில் இதற்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் பழைய பெயரே இன்னும் பலர் நாவில் இருக்கிறது. படகுத்துறை உள்ள கோவிந்த் நகரிலிருந்து ராதாநகர் கடற்கரைக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். "இவ்வளவு சிறிய தீவில் வண்டிக்கு என்ன கேடு வந்துவிடும்?" என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையில் இங்கே வண்டிக்கு மூன்று சத்துருக்கள் உண்டு.

முதல் சத்துரு: உப்பு

அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையின் மழையைப்போல் இரு மடங்கு. ஈரமும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். மேலே பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். துரு அடியிலிருந்துதான் தொடங்குகிறது. சேஸிஸின் உட்புறம், பிரேக் குழாய்கள், சைலன்சர், பட்டை ஸ்பிரிங்கின் இடுக்குகள், வயரிங் இணைப்புகள் ஆகியவையே அதன் முதல் இரை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வண்டியின் இரும்போ, உப்பு பட்ட நாளை உள்ளளவும் மறப்பதில்லை.

பெயர் பெற்ற கம்பெனியின் வண்டி தப்பிக்குமா? 2003ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'டாப் கியர்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைக் கடலில் மூழ்கவிட்டு, பின்பு வெளியே எடுத்து மீண்டும் ஓட்டிக் காட்டினார்கள். உலகமே வியந்தது. ஆனால் அதே டொயோட்டா நிறுவனம், அமெரிக்காவில் விற்ற டக்கோமா உள்ளிட்ட வண்டிகளின் சேஸிஸ் துருப்பிடித்தது பற்றிய வழக்கில் 2016ஆம் ஆண்டு சமரசத்துக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அங்கே பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். ஒரு நாள் கடலில் மூழ்கி எழுவது வேறு; ஆண்டுக்கணக்கில் உப்பைச் சுமப்பது வேறு. பின்னதைத் தாங்குவதே உண்மையான சோதனை.

இரண்டாம் சத்துரு: குறைந்த தூரம்

நீண்ட தூரம் ஓடும் வண்டிதான் தேய்ந்துபோகும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஐந்து கிலோமீட்டர் ஓடி, நின்று, மறுபடியும் ஐந்து கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் கேடு உண்டு. என்ஜின் முழுச் சூடு அடைவதற்குள் அணைக்கப்படுகிறது. உள்ளே கசியும் நீராவி எண்ணெயோடு கலக்கிறது. சைலன்சரில் தங்கும் நீர் அதை உள்ளிருந்தே அரிக்கிறது. பேட்டரியும் முழுமையாகச் சார்ஜ் ஆவதில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் இது இன்னும் முக்கியமாகிவிட்டது. இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, டி.பி.எஃப். என்பார்கள். அதில் சேரும் கரி எரிந்து தீர வேண்டுமானால் வண்டி சிறிது நேரம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் இது தானாகவே நடந்துவிடும். தீவிலும், நெரிசல் மிகுந்த நகரத்திலும் நடப்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனியாமல் ஓட்டினால், வண்டி தன் இழுவையைக் குறைத்துக்கொள்ளும்; செலவும் பெரிதாக வரும். ஆகவே நாள்தோறும் குறைந்த தூரமே ஓட்டுபவர்கள், சுமையும் குறைவானால், டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி போன்றவற்றின் பெட்ரோல் வகையைப் பார்ப்பது நலம் என்பது என் கருத்து.

மூன்றாம் சத்துரு: கடல் கடந்த உதிரிப்பாகம்

சென்னைக்கும், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல். அங்கிருந்து ஹேவ்லாக்குக்கு மறுபடியும் கப்பல் ஏற வேண்டும். சென்னையில் மாலைக்குள் கைக்கு வரும் ஒரு சென்சாருக்காகத் தீவில் எத்தனை நாள் காத்திருப்பது? கடல் கொந்தளித்தால் அந்தக் கணக்கும் தவறும். எனவே எந்த வண்டி பழுதாகாது என்று மட்டும் கேளாதீர்கள். பழுதானால் எத்தனை நாளில் எழுந்து நிற்கும் என்றும் கேளுங்கள்.

இந்தக் கணக்கில்தான் மஹிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகள் முன்னே நிற்கின்றன. சேஸிஸ் தனி, பாடி தனி. பின்னால் பட்டை ஸ்பிரிங். நாடெங்கும் எண்ணற்றவை ஓடுவதால் பாகமும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்தவரும் கிடைப்பார். 2022இல் நம் நாட்டுக்கு வந்த ஹைலக்ஸ் வலுவான வண்டிதான். ஆனால் வலுவான வண்டியின் பாகமும் கப்பலில்தான் வரவேண்டும். கார்களில் ஆல்டோ போன்ற எளிய வண்டிகளுக்கு இதே அனுகூலம் உண்டு. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். பெரும்பாலான கார்களுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே முதுகெலும்பு. கால் வைக்கும் தரைத்தகடோ கதவுக்குக் கீழுள்ள விளிம்போ பொத்தலானால் அது அழகுக் குறை அன்று, ஆபத்து.

பழைய வண்டி வாங்குவோருக்கு

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கினார்கள் நம் முன்னோர். வண்டியை அடியில் படுத்துப் பார்த்து வாங்குங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. இப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வண்டல் கறை இருக்கிறதா? இருக்கையின் அடித்தண்டவாளத்திலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் துரு உண்டா? முகப்பு விளக்கினுள் மூடுபனிபோல் ஈரம் நிற்கிறதா? தரைவிரிப்பைத் தூக்கினால் பூஞ்சண வாசனை வருகிறதா? பழைய இன்ஷூரன்ஸில் எப்போது, எதற்காக இழப்பீடு பெறப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். நம்பிக்கைக்குரிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி, இரண்டு ஆண்டுத் தவணையைக் காப்பாற்றக்கூடும். சொந்தக்காரர் விற்கிறார் என்பதற்காக இச்சோதனையை விட்டுவிட வேண்டாம். பின்னால் உறவு கெடுவதைவிட முன்னால் பார்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

உங்கள் கையில் இருப்பது

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது நல்ல நீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கதவுகளின் கீழேயுள்ள நீர்வடி துளைகளில் அடைப்பு எடுங்கள். மழைக்காலத்துக்கு முன் அடிப்பகுதியில் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள்; துருவின்மேல் பூசாமல், துருவைச் சுரண்டிவிட்டுப் பூசுங்கள். பேட்டரி முனைகளில் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்த்து எண்ணெய் மாற்றக் காத்திராதீர்கள். கம்பெனி சொன்ன மாதக் கணக்கைக் கடைப்பிடியுங்கள். ஏற்ற அனுமதித்த சுமைக்கு மேல் ஏற்றாதீர்கள். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

நகரத்திலிருந்து பணம் அனுப்பும் சகோதரனே, சகோதரியே, வண்டியின் முழு விலையையும் முன்பணத்தில் கரைத்துவிடாதீர்கள். ஒரு பங்கை டயருக்கும் பேட்டரிக்கும் எதிர்பாராத பழுதுக்கும் தனியே எடுத்து வையுங்கள். வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது, "வண்டி நன்றாக ஓடுகிறதா?" என்று கேட்பதோடு, "அடிப்பாகத்தைக் கழுவினாயா, எண்ணெய் எப்போது மாற்றினாய்?" என்றும் கேளுங்கள்.