குழிக்குள் குழி

“மட்பாண்டத் துண்டுகள் குழியின் அடியில் கிடைத்தன.” இவ்விதழுக்கு வரும் அகழாய்வுக் கட்டுரைகளைச் செப்பம் செய்யும்போது இப்படியொரு வரி வந்தால் நின்றுவிடுகிறேன். எந்தக் குழி? நாம் வெட்டியதா, அங்கே வாழ்ந்தவர்கள் வெட்டியதா?

ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் வெட்டுவது டிரெஞ்ச், அவர்கள் வெட்டியது பிட். டிரெஞ்ச் என்ற சொல்லே ‘வெட்டுதல்’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. போர்முனையில் அது பதுங்குகுழி. கடலடியில் அகழி, மரியானா அகழி கிட்டத்தட்ட 11 கி.மீ. ஆழம். நமக்கு மட்டும் எல்லாமே குழி. (கல்வெட்டுகளில் நிலமளக்கும் குழி வேறு இருக்கிறது.)

சொல்தானே என்று விட முடியவில்லை. பழங்காலக் குழியொன்று மேலடுக்கில் தொடங்கிக் கீழடுக்குகளைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அதை நிரப்பிய மண், அது துளைத்த அடுக்குகளுக்குப் பிந்தியது. இரண்டு மீட்டர் ஆழத்தில் அக்குழிக்குள் கிடைத்த கரித்துண்டையும், ஒரு முழம் தள்ளி அதே ஆழத்தில் குலையாத அடுக்கில் கிடைத்ததையும் ஒரே காலத்தவை என்று கொள்ள முடியாது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் வெளியானபோது தமிழ்நாடே பேசியது. அப்படிப்பட்ட எண்ணுக்கு ஆழம் மட்டும் போதாது. மாதிரி எந்த அடுக்கில் இருந்தது என்ற பதிவே அதைத் தாங்குகிறது. 1945இல் அரிக்கமேட்டில் வீலர் சதுரங்களுக்கிடையே மண்சுவரை விட்டுவைத்து வெட்டியதும் இதற்காகத்தான். அந்தச் சுவரின் முகத்தில்தான் பழைய குழியின் விளிம்பு நிறம் மாறித் தெரியும்.

ஆதிச்சநல்லூரில் பாறையைக் குடைந்து தாழி வைத்திருக்கிறார்கள். கீழடியில் மரக்கம்பம் நட்ட குழிகள். கம்பம் மட்கிப்போய், மண்ணில் ஒரு வட்டம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கரணை விரற்கடை தவறினால் அதுவும் இல்லை. அவ்வளவு பொறுமையாகக் களத்தில் காத்ததை அறிக்கையில் ஒற்றைச் சொல்லால் அழித்துவிடலாமா?

சிலர் ‘அகழி’ என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம். வேலூர்க் கோட்டையைச் சுற்றி நீர் நிற்பது அகழி; நாளை ஒரு கோட்டை அகழியின் குறுக்கே வெட்ட நேர்ந்தால் என்ன எழுதுவோம்?

இந்த இதழிலிருந்து, நாம் வெட்டுவதை ‘அகழ்குழி’ என்று அச்சிடுகிறோம். பழங்காலத்தவற்றைத் தாழிக்குழி, கம்பக்குழி, குப்பைக்குழி என்று அவற்றின் பயனைச் சேர்த்தே எழுத வேண்டுகிறேன். பயன் தெரியாவிட்டால் ‘பழங்குழி’. களத்துப் பேச்சில் டிரெஞ்ச் இருக்கட்டும். ஆனால் களக்குறிப்பேட்டில் அன்றன்றே பிரித்து எழுதிவிடுங்கள். அறிக்கைக்கு உட்காரும் நாளில் அந்த அகழ்குழியை மூடியிருப்பார்கள்.