புது வீட்டின் கைப்பிடிச்சுவர்



பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் நம் சபைக் குடும்பங்கள் பல வீடு மாறுகின்றன. பிரதிஷ்டை ஜெபத்துக்கு நாள் குறிக்கிறார்கள். அழைப்பிதழும் விருந்தும் சுவரில் மாட்டும் வசனமும் ஆயத்தமாகின்றன. ஆனால் மின் இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா, அடுப்பின் எரிவாயுக் குழாய் எத்தனை ஆண்டு பழையது, தரைத்தொட்டிக்கு மூடி உண்டா என்று கேட்டால், குடிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே பெரும்பாலும் பதில். ஜெபம் ஆவிக்குரியது, மின்சாரமும் தண்ணீரும் உலகக் காரியங்கள் என்று பிரித்துவைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை வேதத்துக்கு ஒத்ததல்ல.

உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் புது வீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை உண்டு. வீட்டின் மெத்தையைச் சுற்றிலும் அவன் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். அக்காலத்து மெத்தை தட்டையானது; மனிதர் புழங்குகிற இடம். ராகாப் சணல் தட்டைகளைப் பரப்பியதும், யோப்பாவில் பேதுரு ஜெபிக்க ஏறியதும் அங்கேதான். சுவர் இல்லாத மெத்தையிலிருந்து ஒருவன் விழுந்தால், இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவன் கவனமாக நடந்திருக்கவேண்டும் என்று வீட்டுக்காரன் சாக்குச் சொல்ல இடமில்லை. ஆபத்து வந்தபின் வருந்துவதை அல்ல, வருமுன் காப்பதையே கர்த்தர் கேட்கிறார்.

இன்று நம் மெத்தைகளுக்குச் சுவர் இருக்கிறது. ஆபத்துதான் இடம் மாறியிருக்கிறது.

முதலாவது மின்சாரம். மெயின் போர்டில் எம்.சி.பி. இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் கம்பி எரிந்துபோகாதபடி அது காக்கும். மின்கசிவில் கை வைத்த மனிதனை அது காக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதற்கென்று தனியாக வேண்டும். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கருவியை மாற்றவேண்டும். மூன்று துளை சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருப்பதாகிவிடாது. பழைய வீடுகளில் அந்த மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாதிருக்கலாம். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்துச் சோதியுங்கள். ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொடுகிற தாய்க்கு இதுவே கைப்பிடிச்சுவர்.

இரண்டாவது எரிவாயு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தங்கும். ஆகவே சிலிண்டரைக் காற்றோட்டம் உள்ள இடத்தில் நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரமான மேடையில் வையுங்கள். பழைய வீட்டிலிருந்து கழற்றிவந்த ரப்பர் குழாயை மாட்டுமுன் அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். 5 ஆண்டு கடந்தது பயன்படாது. வேறு ஊருக்குப் போகிறவர்கள் சிலிண்டரை லாரியில் ஏற்றிச் செல்லவேண்டாம். பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி, புதிய ஊரில் அதைக் காட்டி இணைப்புப் பெறுவதே முறை. வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

மூன்றாவது தண்ணீர். குடியேறுமுன் தரைத்தொட்டியைக் கழுவத் திறந்துவிட்டு, மூடியை ஓரமாகச் சாய்த்துவைத்து மறந்துபோவது எளிது. பிரதிஷ்டை நாளில் அதே முற்றத்தில்தான் உறவினரின் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். கழிவுநீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் இயந்திர வண்டியை வரவழையுங்கள். பாதுகாப்பின்றி மனிதனை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. விழுகிற ஒருவனைப் பற்றிக் கட்டளை பேசும்போது, அந்த ஒருவன் விருந்தாளியா, உறவினனா, கூலிக்கு வந்தவனா என்று அது பார்ப்பதில்லை.

வாடகைக்கு வீடு விடும் சபையாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கட்டளை மெத்தையில் ஏறுகிறவனுக்கு அல்ல, வீட்டைக் கட்டினவனுக்கே கொடுக்கப்பட்டது. குடியிருப்பவர் வேண்டுமானால் தம் செலவில் சரிசெய்துகொள்ளட்டும் என்று சொல்வது நியாயமல்ல. வீடு தேடி அலைந்து களைத்தவர், கேள்வி கேட்டால் இந்த வீடும் கிடைக்காமற்போகுமோ என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. அவர் கேளாமலே செய்துகொடுப்பதுதான் நீதி. முன்பணத்தை எண்ணி வாங்குமுன் எர்த் கம்பியைச் சோதித்துவிடுங்கள்.

கர்த்தர் காப்பார் என்கிற விசுவாசம் இருக்க, இத்தனை கருவிகள் எதற்கு என்று கேட்போர் உண்டு. கர்த்தர் காப்பது மெய். காக்கிற அந்தத் தேவனே சுவரைக் கட்டச் சொன்னார். கீழ்ப்படியாமல் விட்ட இடத்தை ஜெபத்தால் நிரப்ப முயல்வது விசுவாசமல்ல.

ஆகவே இனிப் பிரதிஷ்டைக்கு நாள் கேட்டு வருகிறவர்களிடம், மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகிய மூன்றையும் சோதித்தாயிற்றா என்று கேட்க எண்ணியிருக்கிறேன், மனம் வருந்தவேண்டாம். மின்பணியும் குழாய்ப்பணியும் அறிந்த சகோதரர்கள் நம் சபையில் இருக்கிறார்கள். தனித்து வாழும் முதியோர், விதவைகள் ஆகியோரின் வீடுகளுக்கு வாலிபர் ஐக்கியம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களோடு சென்றுவந்தால், அதுவும் ஓர் ஊழியமே.

உங்கள் வாசலுக்குள் வருகிற ஒவ்வொருவரும் சுகமாய்த் திரும்பிச் செல்லும்படி, கர்த்தர்தாமே உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.