படம் எடுத்தது ஆர்?

"செவ்வாயில ஒரு காகம்கூட இல்லையெண்டுறியள். அப்ப இந்த வண்டியைப் படம் எடுத்தது ஆர்?"

கிளிநொச்சியில், ஏ-9 வீதியோரத் தேத்தண்ணிக் கடையொன்றில் ஓட்டோக்கார அண்ணை ஒருவர் போனை நீட்டினார். செம்மண்ணில் நாசாவின் பேர்சிவியரன்ஸ் ஊர்தி முழுசாக நிற்கிறது. சற்றுத் தள்ளி அதன் சின்ன ஹெலிகொப்டர். எல்லாம் ஸ்ரூடியோ வேலை என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். கடையில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அது வட்சப்பில் ஏற்கெனவே வந்திருந்தது. கேள்வியில் பிழையில்லை. அதற்கு வட்சப் சொல்லும் பதில்தான் பிழை.

செல்ஃபி என்றால் நீட்டிய கை தெரியவேண்டும், இதில் தெரியவில்லை என்பது முதல் வாதம். 2021 ஏப்ரல் 6ஆம் திகதி எடுத்த அந்தப் படம் ஒரு படமல்ல, 62 படங்களின் ஒட்டு. ஊர்தியின் முன்பக்கத்தில் ஏறக்குறைய 2 மீற்றர் நீளமான இயந்திரக் கை இருக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று எங்கள் கை மாதிரியே மடங்கும். அதன் நுனியில் வட்சன் என்ற கமரா. கை மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, சில்லில் ஒரு துண்டு, நிலத்தில் ஒரு துண்டு, தொடுவானில் ஒரு துண்டு என்று எடுத்துக்கொண்டே போகும். கூரைக்கு ஓடு அடுக்குவது போல ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். ஒன்றில் கை குறுக்கே விழுந்தால், அதே இடத்தைக் கை விலகி நிற்கும் இன்னொன்றிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். அதற்கு முந்திய ஊர்தியான கியூரியோசிட்டி 2012 ஒக்ரோபர் 31ஆம் திகதி 55 படங்களோடு தொடங்கி வைத்த வேலை இது.

நம்பாதவர்கள் பின்னேரம் இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்று போனை பனோரமாவில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். நான் சுற்றியபோது மருமகன் எனக்குப் பின்னால் ஓடி மறுபக்கம் போய் நின்றுவிட்டான். ஒரே படத்தில் அவன் இரண்டு பேர். போனைப் பிடித்த என் கையோ எங்குமே இல்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. அந்த ஏப்ரல் 6ஆம் திகதி பேர்சிவியரன்ஸின் கை ஆடி அசைந்து படம் எடுப்பதை ஊர்தியின் தலையிலுள்ள வழிகாட்டும் கமராக்கள் பதிவு செய்தன. மோட்டரின் இரைச்சலை ஒலிவாங்கி பிடித்தது. இரண்டையும் நாசா வெளியிட்டிருக்கிறது.

"ஒட்டினது எண்டா பொய்தானே?" என்றார் பக்கத்து மேசைக்காரர். இதில் அரைவாசியை ஒத்துக்கொள்கிறேன். அது ஒரு கணத்தின் படமல்ல. எடுத்து முடிக்க ஒரு மணித்தியாலம் அளவில் பிடித்தது. ஆனால் ஒட்டுவதற்கு முந்திய மூலப் படங்கள் எவரும் பார்க்கலாம் என்று பொதுவில் கிடக்கின்றன. பொய் செய்கிறவன் துண்டுகளை மேசையில் பரப்பி வைக்கமாட்டான்.

படம் பொய் என்ற சொல்லை வன்னியில் இருந்துகொண்டு இலேசாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இலங்கைப் போரின் கடைசிக் காலத்துக் காணொளி ஒன்றை 2009இல் சனல் 4 ஒளிபரப்பியபோது, அரசாங்கம் அதைப் போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதைத் தடயவியல் வல்லுநர் மூவரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார். சந்தேகம் வந்தால் துண்டு துண்டாகப் பார்ப்பதுதான் முறை. செவ்வாய்ப் படத்துக்கும் அதே முறைதான்.

சீன ஊர்தி சூரொங்கின் படத்தையும் காட்டுகிறார்கள். ஊர்தியும் அதன் தரையிறங்கு மேடையும் சோடியாக, தூரத்திலிருந்து எடுத்தது போல நிற்கின்றன. தூரத்திலிருந்தே எடுத்ததுதான். ஊர்தி தன் வயிற்றில் கொண்டுபோன சிறிய கமரா ஒன்றை நிலத்தில் போட்டுவிட்டுப் பின்வாங்கி மேடைக்கு அருகே போய் நின்றது. கமரா கம்பியில்லாமல் படத்தை அனுப்பியது. கல்யாண வீட்டில் போனைக் கதிரையில் சாய்த்துவிட்டு ஓடிவந்து நிற்கிறோமே, அதே கதைதான்.

நிலாவுக்குப் போன இந்தியாவின் சந்திரயான்-3இன் ஊர்தி பிரக்யானுக்குக் கையும் இல்லை, கீழே போடக் கமராவும் இல்லை. அதனால் அது செல்ஃபி எடுக்கவில்லை. அதைக் கொண்டுபோன தரையிறங்கி விக்ரம் பிரக்யானை எடுத்தது. 2023 ஓகஸ்ட் 30ஆம் திகதி பிரக்யான் விக்ரமை எடுத்தது. அந்த நாட்களில் உண்மையிலேயே ஒரு போலி பரவியது: நிலாமண்ணில் இந்தியாவின் சிங்க முத்திரை பதிந்த சில்லுத்தடம். அது ஒருவரின் கற்பனை ஓவியம். எங்கள் ஊர்க் குழுக்களில் அதைச் சந்தேகித்தவர் எவரையும் நான் காணவில்லை. கைதட்டல்தான் வந்தது.

கடைசியாக, இவ்வளவு காசு செலவழித்து அனுப்பியது அழகு பார்க்கவா என்கிறார்கள். கியூரியோசிட்டியின் சில்லுகளில் ஓட்டை விழுவதைக் கவனித்து வருவது கைநுனிக் கமராவால்தான். செவ்வாயில் நின்ற இன்சைட் என்ற தரையிறங்கி 2018 டிசம்பரில் எடுத்த முதல் செல்ஃபியில் சூரியத் தகடுகள் மினுங்குகின்றன. 2022 ஏப்ரல் 24ஆம் திகதி எடுத்த கடைசிச் செல்ஃபியில் தகடு எது தரை எது என்று பிரித்தறிவதே பாடு. அவ்வளவு தூசி. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் பேச்சு நின்றது.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தேத்தண்ணியை முடித்து, போனை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"அவ்வளவு தூசியெண்டா, கமராவின்ர கண்ணாடியை ஆர் துடைக்கிறது?"

"கியூரியோசிட்டியின்ர கமராவுக்கு மூடி இருக்கு அண்ணை. படம் எடுக்கேக்கை திறக்கும்."