அணிற்குட்டிக்கு ஆவின் பால் வேண்டா

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலைப் பொருட்படுத்தாது நம்மோடு குடியிருக்கும் உயிர்களுள் அணிலும் ஒன்று. வேம்பும் முருங்கையும் வெட்டுண்டு அடுக்ககங்கள் எழுந்தபின், அது ஏ.சி. பெட்டியின் பின்புறத்திலும் மீட்டர் பெட்டியின் மேலும் தேங்காய் நாரையும் பஞ்சையும் திணித்துக் கூடு கட்டிக்கொள்ளப் பழகிவிட்டது. பழுதுபார்க்க வருபவர் மூடியைக் கழற்றுகிறார். கண் திறவாத இரண்டு மூன்று குட்டிகள் தரையில் விழுகின்றன. வீட்டார் பதறி எடுத்து, அடுப்பில் பாலை வைக்கின்றனர். நாம் மறுப்பது அந்தப் பாலை. (ஆவின் பால் என்று நாம் சொல்வது ஆவினது பாலை, அதாவது பசும்பாலை; கூட்டுறவு நிறுவனத்தார் வருந்த வேண்டா.)

தொல்காப்பிய மரபியல், கீரி, காட்டுப்பூனை, எலி ஆகியவற்றோடு மூன்று வரி கொண்ட அணிலையும் சேர்த்து, இவற்றின் இளமைக்குக் 'குட்டி' என்று பெயர் வகுக்கிறது. நம் வீடுகளோ 'அணிற்பிள்ளை' என்றன. பிள்ளை என்றவுடன் கை தானாகப் பாலாடையைத் தேடுகிறது. நம் இரக்கம் வழிதவறுவது இந்த இடத்தில்தான் என்பது நம் துணிபு.

பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். கொழுப்பு நான்கு பங்கை ஒட்டியே நிற்கும். பாற்சர்க்கரை அதனினும் சற்று மிகுதி. அணிற்பாலின் இயல்பு வேறு. அமெரிக்கச் சாம்பல் அணிலின் பாலை ஆய்ந்தோர், அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பு என்று கண்டனர். சர்க்கரையோ பசும்பாலினும் குறைவு. நம் மூவரி அணில் வேறு இனமாயினும் அதே குடும்பத்தது. ஆதலின் பசும்பால் குடித்த குட்டிக்கு ஊட்டம் குறைகிறது, சர்க்கரை மிகுகிறது, வயிறு கழிகிறது. உள்ளங்கையில் அடங்கும் உடல் எத்தனை நாள் தாங்கும்? மூன்றாம் நாள் அது இறந்தபின், 'தாயில்லாத ஏக்கம்' என்று காரணம் சொல்லிக்கொள்கிறோம். ஏக்கம் இருந்திருக்கலாம், கழிச்சல் இருந்தது உறுதி.

உண்மையில் முதல் உணவு வெப்பமே. குளிர்ந்து கிடக்கும் குட்டியின் குடல் எதையும் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை ஓர் அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் வைத்து, மறு பாதியை வெறுமையாக விட்டால், சூடு மிகும்போது குட்டி நகர்ந்துகொள்ளும். காயம் இல்லையெனில் அப்பெட்டியைக் கூடு இருந்த இடத்தருகே, காகமும் பூனையும் எட்டாதவாறு வைத்து, பகற்பொழுதில் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் தீண்டாது என்பது வெறும் கதை. தாயணில் வாயிற் கவ்வித் தூக்கிச் செல்லும். இதனினும் சிறந்த ஊட்டம் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

தாய் வாராதபோதுதான் நம் முறை. குட்டியின் உடல் கதகதப்பானபின், முதலில் கொதித்தாறிய நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். சில துளிகள். பிறகு கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்துத் தரலாம். அதன் கொழுப்பு பசும்பாலைவிடத் தாய்ப்பாலுக்கு நெருங்கியது. அளவு, ஒரு வேளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு. இருபது கிராம் குட்டிக்கு ஒரு மி.லி. மட்டுமே! கண் திறவாதவற்றுக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை தர வேண்டும். ஊசி நீக்கிய ஒரு மி.லி. சிரிஞ்சே ஏற்ற கருவி. பாலாடை ஆகவே ஆகாது. குழந்தையைப்போல் மல்லாத்திப் பாலைப் புகட்டினால் அது மூக்கு வழியே நுரையீரலில் ஏறிச் சளிக்காய்ச்சலாக முடியும். வயிறு கீழாக, தலை சற்று உயர்ந்திருக்கப் பிடித்து, அது நக்கும் வேகத்திற்கே துளித்துளியாகத் தருதல் வேண்டும். ஊட்டியபின் வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மெல்ல வருடினாலன்றிச் சிறுநீர் கழியாது. தாய் நாவால் செய்யும் வேலை அது. நம் இல்லங்களில் பெரிதும் விடுபடுவதும் இதுவே.

கண் திறந்து பல் முளைத்ததும் அடுத்த தவறு வருகிறது: நிலக்கடலை. நூறு கிராம் கடலையில் சுண்ணாம்புச்சத்து நூறு மில்லிகிராமிற்கும் குறைவு. பாஸ்பரசோ அதைப்போல் மூன்று மடங்கிற்கும் மேல். கடலையிலேயே வளரும் அணிலின் எலும்பு மெலிந்து, பின்னங்கால் இழுபடும். முருங்கைக்கீரை, கொய்யா, இளந்தளிர், காலை வெயில் இவையெல்லாம் இரும்புலியூரில் இன்னும் காசின்றிக் கிடைப்பவையே.

இணையத்தில் தேடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அங்கே மிகுதியாகக் கிடைப்பவை அமெரிக்கப் பறக்கும் அணிலை வளர்ப்போர் எழுதிய குறிப்புகள். கதகதப்பும் சிறு அளவும் எல்லா அணிலுக்கும் பொது. ஆனால் அங்கு வளர்ப்புப்பிராணியாக வைத்திருப்பதைப் பார்த்து இங்கும் ஆசை கொள்வது தகாது. நம் ஆனைமலைக் காடுகளில் இரவில் மரத்திற்கு மரம் சறுக்கிச் செல்லும் பெரும் பறக்கும் அணில், 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. அதன் குட்டி கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதன்றி வேறு வழியில்லை. நம் தெருக் குட்டிக்கும் கழிச்சலோ மூச்சிரைப்போ கண்டால், கைவைத்தியம் பார்க்காது கிண்டி புளூ கிராசையோ கால்நடை மருத்துவரையோ நாடுக.

குட்டி பிழைத்தபின் கூண்டு வாங்குவோரும் உளர். பத்து வாரத்தில் தானே கொறித்துண்ணும் உயிர் அது. குறுந்தொகையில் ஆளற்ற முன்றிலில் அணில் ஆடும் காட்சியைப் பாடியவர்க்கு அக்காட்சியாலேயே 'அணிலாடு முன்றிலார்' என்று பெயர் அமைந்தது. அடுக்ககத்தில் முன்றில் ஏது என்பீர்கள். மொட்டைமாடியை ஒட்டி ஒரு வேம்பு இருந்தால் போதும். பெட்டியை அங்கே திறந்து வைத்து, சில நாள் உணவும் நீரும் வைத்துவந்தால், அது ஏறிப் போய்விடும்.