கையொப்பம் பயிற்சியாகுமா?

தொழிற்சாலையில் ஒருவன் நச்சு வாயுவுக்கு இரையானதும் முதலாளிமாரின் வாயில் முந்திக்கொண்டு வரும் சொல் ஒன்றுண்டு. கவனயீனம் என்பதே அது. மாண்டவன் மறுமொழி கூற வரப்போவதில்லை என்ற துணிவிலே பிறக்கும் சொல்! கவனிக்க வேண்டியது இன்னதென்று அவனுக்கு எவரேனும் சொல்லிக் கொடுத்தனரா? அக்கேள்விக்கு முதலில் விடை வரட்டும்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹொரணைப் பகுதியிலுள்ள இறப்பர்த் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தாங்கிக்குள் தொழிலாளி ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்ற விரைந்தவர்களும் மடிந்தனர். மாண்டவர் 5 பேர். துடிக்கும் ஒருவனைத் தூக்கியெடுக்கப் பாய்வது மனித இயல்பு. அதைக் கவனயீனம் என்றுரைக்க எவருக்கு நா எழும்? மூச்சுக்கருவியின்றி இறங்குபவன் இரண்டாவது பிணமாவான் என்பது இத்துறையின் பாலபாடம். அப்பாடத்தை முன்கூட்டியே புகட்டி, கருவியையும் கைக்கெட்டிய இடத்தில் வைத்தால் மட்டுமே அந்த இயல்பு உயிரைக் குடிக்காது.

சட்டம் இதை அறியாததா? பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நச்சுப்புகை இருக்கக்கூடிய தாங்கிக்குள் இறங்குபவன் மூச்சுக்கருவி அணிய வேண்டும், அன்றேல் இடுப்பு வாரிற் கட்டிய கயிற்றை வெளியே ஒருவன் பற்றியிருக்க வேண்டும், கருவியைக் கையாளப் போதிய தொழிலாளர் பயிற்றப்பட்டிருக்க வேண்டும் என்று விதித்தது. அதை அடியொற்றியே எமது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் எழுந்தது. எழுந்தும் என்ன? தேயிலை மலையில் தெளிகருவியை முதுகிற் சுமந்து களைநாசினி அடிப்பவன் தொழிற்சாலைக்குள் நிற்பவனல்லன். ஆதலால் அச்சட்டத்தின் நிழலும் அவன்மேல் விழாது. நஞ்சுக்கு இந்த வரைவிலக்கணம் தெரியுமா?

இன்று பல இடங்களிற் பயிற்சி என்ற பெயரில் நடப்பது கேலிக்கூத்து. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றை நீட்டுவர், தொழிலாளி கையொப்பமிடுவான், கோவை மூடப்படும். விபத்து நேர்ந்தபின் அதே தாள் முதலாளியின் கேடயமாகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், மரணம் விளைவிக்காத காயங்களில், வெளிப்படையாக இட்ட பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியவனுக்கு நட்டஈட்டை மறுக்க இடமளிக்கிறது. விளங்காத மொழியில் இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுவது எங்ஙனம்? மீறுவதற்கும் முதலில் விளங்க வேண்டுமன்றோ!

சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1990ஆம் ஆண்டு 170ஆம் இலக்கச் சமவாயம் இதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. அபாயகரமான இரசாயனத்தின் சுட்டுத்துண்டு தொழிலாளருக்கு எளிதில் விளங்க வேண்டும். பயிற்சி ஒருநாட் சடங்காக அன்றித் தொடர்ந்து நடைபெற வேண்டும். உடனடியான கடும் ஆபத்து உண்டென நியாயமாக நம்பும் தொழிலாளி வேலைத்தலத்தை விட்டு விலகலாம். அதற்காக அவனைப் பழிவாங்கலாகாது. தமிழன்றி வேறு மொழி வாசிக்க அறியாத தோட்டத் தொழிலாளிக்கு எளிதில் விளங்கும் மொழி எதுவென்று ஆணைக்குழு வைத்தா ஆராய வேண்டும்?

மலைநாட்டை மட்டும் நோக்கிக் கண்ணீர் வடித்து எமது நகரங்களை மறந்துவிடலாகாது. மலசலகூடம் கழுவும் தொழிலாளியிடம் அமிலப் போத்தலையும் வெளிற்றும் தூளையும் ஒருசேரக் கொடுப்பவர் எத்தனை பேர்! இரண்டும் கலந்தால் எழுவது குளோரீன். முதல் உலகப் போரில் 1915இல் படைவீரரைக் கொன்ற அதே வாயு. அமிலத்தை நீரிலே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடமும் கிடையாது. துப்புரவு செய்பவனுக்குக் கற்பிப்பதா என்ற சாதித் திமிரும் இதிலே ஒளிந்திருக்கிறது என்பதை மறைத்துப் பேச யாம் விரும்பவில்லை.

எமது தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்குப் போராடின, போராடுகின்றன, நன்று. இனி எழுதப்படும் கூட்டு ஒப்பந்தங்களிற் சம்பளத்துக்கு அடுத்த வாசகமாக இதுவும் இடம்பெற வேண்டும்: தொழிலாளியின் தாய்மொழியில், கருவியைக் கையிற் கொடுத்துச் செய்து காட்டி, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு பயிற்சி; அது முடியும்வரை இரசாயனப் பீப்பாவை அவன் தொடமாட்டான். அந்தத் தாளில் முதலாளிமார் கையொப்பமிடட்டும்.