கிணற்றடியில் ஒரு கேள்வி

சென்ற சனிக்கிழமை மாலை என் நண்பர் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு எம் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வைத்த தேநீரையும் தொடவில்லை. “அண்ணை, நீங்களாவது இவளுக்கு நல்ல புத்தி சொல்லுங்கோ” என்று தொடங்கினார்.

விஷயம் இதுதான். பெண் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு முறை தோற்றியவள். இரண்டாம் முறை பெறுபேறு நன்றாகவே வந்திருக்கிறது. ஆயினும் வைத்திய பீடத்துக்கு வேண்டிய இசட் புள்ளிக்குச் சிறிது குறைவு. மூன்றாம் முறையும் தோற்ற விதியில் இடமுண்டு. தகப்பனாரின் விருப்பம் அதுவே. மகளோ, வவுனியாப் பல்கலைக்கழகத்துச் சுற்றாடல் விஞ்ஞானப் பட்டநெறியைத் தன் விருப்ப வரிசையில் முதலாவதாக இடப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

“குப்பை கூட்டுறதுக்கும் ஒரு பட்டமோ, அண்ணை?” என்றார் நண்பர். உண்மையை மறைப்பானேன்? நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். “இன்னொரு முறை எழுதிப் பார், பிள்ளை” என்னும் புத்திமதி என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அப்பொழுது அப்பெண் முற்றத்தைப் பார்த்தபடியே, “பெரியப்பா, உங்கடை கிணத்துக்கும் மலகூடக் குழிக்கும் இடையிலை எத்தனை அடி இருக்கும்?” என்று கேட்டாள்.

நாற்பது ஆண்டுகளாக அக்கிணற்று நீரைக் குடித்து வருகிறேன். எனக்கு விடை தெரியவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை என்பதை வாசகர் அறிவர். மாரியிலே பெய்யும் மழைதான் எமக்கு ஆறும் குளமும். அந்நீர் மண்ணினூடே இறங்கிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. கீழே உப்பு நீர். அதன்மேல் நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட கணக்கு. இக்கணக்கை மறுபுறம் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். இயந்திரம் பூட்டி இறைத்து மேலே ஓர் அடியைக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நீர் 40 அடி ஏறிவர இடமுண்டு. துலாவால் இறைத்த எம் பாட்டனார்க்கு இவ்வாறு இறைக்க வலுவிருக்கவில்லை. அதுவே கிணற்றுக்குக் காவலாயிற்று.

உப்பையாவது நாக்கு கண்டுபிடிக்கும். நைத்திரேற்று என்னும் பொருளுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் உரத்திலிருந்தும், மலகூடக் குழிகளிலிருந்தும் அது கசிந்து அதே வெடிப்புகளின் வழியே கிணற்றைச் சேர்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மிஞ்சியிருப்பதை 1980களில் நடந்த ஆய்வுகளே காட்டிவிட்டன. பால்மாக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே இதனால் பெருங் கேடு. குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். தாய்மார் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கொதித்தாறிய நீர் எல்லாம் நல்ல நீர் என்று நானும் நம்பியிருந்தவனே.

“கீழே எண்ணெய் வந்த கதையும் உங்களுக்குத் தெரியுந்தானே?” என்றாள் பெண். யாருக்குத் தெரியாது? 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துச் சுற்றுவட்டாரமே அதனால் கலங்கிப்போயிருந்தது. கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததென்று மக்கள் சொன்னார்கள். எண்ணெய் உண்டா இல்லையா, உண்டெனில் எங்கிருந்து வந்தது, குடிக்கலாமா கூடாதா என்பவற்றிலே அறிக்கைக்கு அறிக்கை வேறுபட்டது. வாளியைக் கையில் பிடித்த தாய் எந்த அறிக்கையை நம்புவாள்? வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்கு மின் உற்பத்திக் கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டிலே தீர்ப்பாயிற்று. கிணறு கெட்ட பின்பு கிடைத்த தீர்ப்பு அது.

நண்பர் இடைமறித்தார். “சட்டமும் அதிகார சபையும் இருக்குத்தானே?” இருக்கின்றன. தேசிய சுற்றாடற் சட்டம் 1980இல் இயற்றப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகார சபை 1981இல் அமைந்தது. பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்னும் விதி 1988இல் சட்டத்தில் ஏறியது. ஆனால் சட்டம் தானே இறங்கிக் கிணற்றில் நீர் அள்ளாது. எந்த ஆழத்தில், எந்தப் போத்தலில், எத்தனை நாள் அள்ளுவது, வந்த எண்ணை எவ்வாறு வாசிப்பது, நியாயவாதியின் குறுக்கு விசாரணைக்கு எவ்வாறு விடை கூறுவது என்பவற்றைக் கற்றவர் வேண்டும். இரசாயனமும் உயிரியலும் புவியியலும் புள்ளிவிபரமும் சட்டமும் ஒன்றாய்க் கலந்த படிப்பு இது. விரிவுரைகள் ஆங்கிலத்தில்; தமிழ் மொழி மூலம் படித்து வந்த பிள்ளைக்கு முதலாம் வருடம் கடினமாகவே இருக்கும்.

உத்தியோகத்தைப் பற்றியும் நண்பரிடம் ஒளிக்காமல் சொன்னேன். வைத்தியருக்குக் காத்திருக்கும் நியமனம் போல ஒன்று இப்பட்டதாரிக்குக் காத்திருப்பதில்லை. சுற்றாடல் அதிகார சபை, நீர்வழங்கல் சபை, நீர்வளச் சபை ஆகியவற்றிலே இடங்கள் உண்டு. ஆயினும் அவை கொஞ்சம், போட்டியோ அதிகம். தொழிற்சாலைகளும் மதிப்பீட்டு நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. சிலர் மேற்படிப்புக்குப் போகின்றனர். சிலர் ஆசிரியராகின்றனர். சில ஆண்டுகள் கையைக் கடிக்கலாம்.

இதைக் கேட்டதும் நண்பர் முகம் மலர்ந்தது. மகளைத் திரும்பிப் பார்த்து, “வைத்தியத்துக்குக் கிடைச்சிருந்தால் நீ இதைக் கேட்டிருப்பியோ?” என்றார். வலிய கேள்விதான். பெண் சற்று நேரம் பேசாதிருந்தாள்.

“முதல் முறை கிடைச்சிருந்தால் போயிருப்பன், அப்பா. அப்ப எனக்கு வேறை ஒண்டும் தெரியாது. இந்த ஒண்டரை வருசமாய் இதைப் பற்றித்தான் வாசிக்கிறன். இப்ப கேட்டால் இதைத்தான் சொல்லுவன்.”

அந்த விடையிலே பொய்யில்லை என்று எனக்குப் பட்டது. வைத்தியம் கிடையாதவர்க்கு எஞ்சிய பாயில் உட்காருவது போல இப்படிப்பிற் போய்ச் சேர்வோரும் உளர். அவர்களுக்காக நான் பரிந்து பேசேன். இவள் அந்த வகையல்லள்.

மேலும் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் மகனை மூன்றாம் முறை எழுதச் சொன்னவன் நானே. அம்முறையும் புள்ளி குறைந்தது. முன்பு கிடைக்க இருந்த இடமும் போயிற்று. அவன் இன்று சுகமாகத்தான் இருக்கிறான். ஆனால் என்னைக் கண்டால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை.

ஆகையால் நண்பரிடம், “அவள் கேட்டதைக் கொடு” என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மனம் நொந்தாரோ என்று எனக்கு இரவு முழுவதும் கவலை. ஞாயிறு காலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குச் சென்றேன். 34 அடி. பேரனுக்குக் கொடுக்கும் நீர் அன்றிலிருந்து வேறு. கிணற்று நீரில் ஒரு போத்தல் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று.

புதன்கிழமை இரவு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணை, எங்கடை வீட்டிலையும் அவள் அளந்து போட்டாள். 26 அடிதான்” என்றார். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, “வவுனியாவிலை பெண்பிள்ளையளுக்கு விடுதி வசதி எப்படி, விசாரிச்சுச் சொல்லுவியளோ?” என்று கேட்டார்.