முதல்ல சர்ட்டிபிகேட்... அப்புறம்தான் புஸ்தகம்!

சாரல் சீசன்ல குற்றாலத்துக்குப் போனா என்ன பண்ணுவீங்க? பேரருவியில நின்னு தலையைக் காட்டுவீங்க, மங்குஸ்தான் வாங்கித் திம்பீங்க, திரும்பும்போது பிரானூர்ல பார்டர் பரோட்டாவை ஒரு கை பார்ப்பீங்க. கரெக்ட்தானே? நானும் அந்த பிளானோடதான் போனேன். ஆனா தென்காசியில ஒரு புத்தகக் கடை வாசல்ல கையில ரெண்டு கட்டைப் பையோட முழிச்சுக்கிட்டு நின்னதுதான் மிச்சம்!

மேட்டர் இதுதான். சித்தி பொண்ணு, பத்தாம் கிளாஸ். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், நல்லாப் படிக்கிற பொண்ணு. ஸ்கூல் திறந்து மூணாவது வாரம், பழைய குற்றாலத்துல பாறை வழுக்கிக் கால்ல எலும்பு முறிஞ்சிடுச்சு. மாவுக்கட்டு போட்டு உட்கார வெச்சுட்டாங்க. வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும். சித்தப்பா யோசிச்சுப் பார்த்துட்டு ஒரே போடா போட்டுட்டார்.

"ஸ்கூலே வேண்டாம்யா. டி.சி. வாங்கிருவோம். வீட்டுல இருந்தே படிக்கட்டும். இப்பல்லாம் நெறைய பேரு அப்படித்தான் படிக்காங்க. இந்தா பக்கத்துல மத்தளம்பாறையில சோஹோக்காரங்க டிகிரியே இல்லாம வேலைக்கு எடுக்காங்கள்லா?"

சித்தி என் பக்கம் திரும்பினாங்க. "எய்யா, நீ காலேஜ் படிக்கிறவன். நல்ல புஸ்தகமா பாத்து நீயே வாங்கிட்டு வந்துரு."

நமக்கு இது போதாதா! வீட்டுல காலேஜ் படிக்கிற ஒரே ஜீவன்ங்கிற கெத்தோட கிளம்பிட்டேன். சி.பி.எஸ்.இ. கணக்கு கைடு, ஒலிம்பியாட் புக், கலர் கலரா படம் போட்ட ஒரு சயின்ஸ் புக், ஸ்போக்கன் இங்கிலீஷ் ஒண்ணு... பர்ஸ் காலி! வீட்டுக்கு வந்து கடை பரப்பினேன். தங்கச்சி ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்தா. அப்புறம் அமைதியா ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அண்ணே, நான் எந்த போர்டு பரீட்சை எழுதப் போறேன்?"

சத்தியமா சொல்றேன், செமஸ்டர் வைவாவுலகூட நான் அப்படி முழிச்சதில்ல. அந்தக் கேள்வியை வீட்டுல ஒருத்தருமே கேட்டிருக்கல!

பரீட்சை எதுவோ, புஸ்தகமும் அதுதான்

ரெண்டு நாள் உட்கார்ந்து விசாரிச்சதுல புரிஞ்சது இது. வீட்டுல படிக்கிற ஹைஸ்கூல் பிள்ளைக்கு 'எந்த புக் நல்ல புக்'ங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'எந்த சர்ட்டிபிகேட்?'ங்கிறதுதான். அதை முடிவு பண்ணிட்டா புஸ்தகம் பாதி தானாவே முடிவாயிடும். நம்ம ஊர்ல முக்கியமா மூணு வழி இருக்கு.

ஒண்ணு, தனித்தேர்வர். நம்ம தமிழ்நாடு போர்டு பத்தாம் வகுப்புப் பரீட்சையையே ஸ்கூலுக்குப் போகாம எழுதறது. பதினாலரை வயசு முடிஞ்சிருக்கணும். புஸ்தகம், தமிழ்நாடு பாடநூல் கழகம் போடுற அதே புஸ்தகம். கழகத்தோட தளத்துல இலவசமாவே இறக்கிக்கலாம். 2018-லேர்ந்து வந்த புதுப் புத்தகங்கள்ல க்யூ.ஆர். கோடும் உண்டு. செல்போனைக் காட்டினா வீடியோ பாடம் ஓடும். ஆனா அறிவியல்ல 75 மார்க்தான் எழுத்துத் தேர்வு. மீதி 25 செய்முறை. வீட்டுல உட்கார்ந்து அமிலமும் காரமும் கலக்க முடியாது பாஸ்! அதுக்குன்னு தனியா பேர் பதிஞ்சு, பள்ளியில செய்முறைப் பயிற்சிக்குப் போய்த்தான் ஆகணும். இந்த ஒரு பாயின்ட்டை மறந்து மாட்டிக்கிறவங்க நிறைய.

ரெண்டு, என்.ஐ.ஓ.எஸ். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல மத்திய அரசு ஆரம்பிச்சது. பத்தாவதுக்கு 14 வயசு ஆகியிருந்தா போதும். அஞ்சு பாடம் எடுக்கணும், அதுல ஒரு மொழியாவது இருக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை பப்ளிக் எக்ஸாம். ஒரு தடவை பேர் பதிஞ்சா அஞ்சு வருஷத்துக்குள்ள ஒன்பது சான்ஸ். ஒவ்வொரு பாடமா எழுதி எழுதிப் பாஸ் பண்ணிக்கலாம். அசைன்மென்ட்டுக்கு 20 சதவீத மார்க். பாஸ் மார்க் 33.

இவங்க புஸ்தகத்துல ஒரு பெரிய பிளஸ் இருக்கு. டீச்சர் பக்கத்துல இல்லைன்னு தெரிஞ்சே எழுதின புக். ரெண்டு பக்கம் படிச்சா நடுவுல கேள்வி வரும், பாடம் முடியற இடத்துல பதில் இருக்கும். தனியா படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய துணை. மைனஸும் இருக்கு. பாடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம்ங்கிறதால, பயந்து போய்க் கணக்கையும் சயின்ஸையும் விட்டுடுற பசங்க உண்டு. பத்தாவது ஈஸியா தாண்டிடும். அதுக்கப்புறம் +2-வுல சயின்ஸ் குரூப் வேணும்னு ஆசைப்பட்டா அஸ்திவாரம் எங்க இருக்கு?

மூணு, கேம்பிரிட்ஜ் மாதிரி வெளிநாட்டு போர்டு. ஒவ்வொரு பாடமா தனியா எழுதலாம், சிலபஸ் சூப்பர். ஆனா தனித்தேர்வரைச் சேர்த்துக்கிற சென்டரைத் தேடிப் பிடிக்கணும், பாடத்துக்குப் பாடம் ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டணும். சித்தப்பா பட்ஜெட்டுக்கு இது குற்றால சீசன்ல ஏ.சி. ரூம் கேட்கிற மாதிரி. அடுத்த பக்கத்துக்குப் போயிட்டோம்.

டி.சி. வாங்கினா என்ன போகும்?

இங்கதான் எனக்கு வயித்துல புளியைக் கரைச்சது. தங்கச்சிக்கு டாக்டர் ஆகணும்னு ஆசை. 2020-ல தமிழ்நாட்டுல ஒரு சட்டம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? நீட் பாஸ் பண்ணின அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-ல இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டப் படிப்புக்கும் அதே மாதிரி வந்துச்சு. யாருக்கு? ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு. 2022-ல வந்த புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் குடுத்ததும் இதே மாதிரி அரசுப் பள்ளிக் கணக்குலதான். தமிழ் வழியில படிச்சவங்களுக்கு அரசு வேலையில 20 சதவீத முன்னுரிமைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கும், எந்த வகுப்பை எந்த மொழியில படிச்சோம்னு ஸ்கூல்ல சான்று வாங்கித் தரணும்.

ஆறாவதுலேர்ந்து ஒன்பதாவது வரைக்கும் நாலு வருஷம் கஷ்டப்பட்டு அவ சேர்த்து வெச்ச தகுதி, ஒரே ஒரு டி.சி.யில போயிருக்கும். அதுவும் மூணு மாச மாவுக்கட்டுக்காக!

சித்தப்பாகிட்ட மெதுவா சொன்னேன். மனுஷன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. "இதை ஒருத்தனும் வீடியோவுல சொல்லலியேடா"ன்னார். அப்புறம் அந்த சோஹோ மேட்டர். அவர் சொன்னதுல பாதி உண்மை. மத்தளம்பாறையில 2011-லேர்ந்து அவங்க ஆபீஸ் இருக்கு. அவங்க நடத்துற பயிற்சிப் பள்ளியில காலேஜ் டிகிரி கேட்கிறதில்ல, பயிற்சி நேரத்துல உதவித்தொகையும் உண்டு. ஆனா அந்தப் பள்ளியே +2 இல்லேன்னா டிப்ளமோ முடிச்ச பசங்களுக்குத்தான். 'டிகிரி வேண்டாம்'ங்கிறது நம்ம காதுல 'படிப்பே வேண்டாம்'னு விழுந்தா அது அவங்க தப்பில்லையே!

அப்ப வீட்டுப் படிப்பே வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. என் ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தன் ஸ்டேட் லெவல் அத்லெட். வருஷத்துல பாதி நாள் கேம்ப். பத்தாவது, பன்னிரண்டாவது ரெண்டும் என்.ஐ.ஓ.எஸ்.ல முடிச்சுட்டுத்தான் எங்க காலேஜுக்கு வந்தான். எங்க கிளாஸ்ல தானா புக்கைத் திறந்து படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான்; நாங்க எல்லாம் சார் நோட்ஸ் குடுத்தாத்தான்! அவன்கிட்டதான் போன்ல கேட்டேன், புஸ்தகம் எப்படி செலக்ட் பண்றதுன்னு. அவன் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்து நாலு டெஸ்ட்.

பாட டெஸ்ட்: விலை பார்க்காதீங்க, அட்டை பார்க்காதீங்க. நடுவுலேர்ந்து ஒரு பாடத்தைப் பிள்ளைகிட்ட குடுங்க. யாரும் சொல்லித் தராம படிச்சுட்டு, உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும். முடிஞ்சா அந்த புக் ஓகே. முடியலைன்னா அது டீச்சருக்கான புக்.

பதில் டெஸ்ட்: கணக்கு புக்குல கடைசி விடை மட்டும் இருந்தா பத்தாது. தப்பு எந்த ஸ்டெப்புல வந்துச்சுன்னு காட்டுற அளவுக்கு, செஞ்சு காட்டின கணக்குகள் இருக்கணும்.

கேள்வித்தாள் டெஸ்ட்: நீங்க எழுதப்போற போர்டோட பழைய கேள்வித்தாளைப் பக்கத்துல வைங்க. அதுல பத்துக் கேள்விக்கு இந்த புக்கை வெச்சு பதில் எழுத முடியுதா? நான் வாங்கின ஒலிம்பியாட் புக் இதுல டெபாசிட் காலி.

மொழி டெஸ்ட்: ஒன்பது வருஷம் தமிழ்ல படிச்ச பிள்ளைக்குத் திடீர்னு எல்லாப் பாடத்தையும் இங்கிலீஷ்ல குடுக்காதீங்க. சயின்ஸ் தெரியலையா, இங்கிலீஷ் தெரியலையான்னு அதுக்கே குழப்பம் வந்துடும்.

இன்னொண்ணு. தென்காசியில இருக்கிற பிள்ளைக்கு பாதி புவியியல் ஜன்னலுக்கு வெளியே இருக்கு. சுத்தி இருக்கிற ஊர்கள் காயும்போது இங்க மட்டும் ஏன் ஜூன்ல சாரல் அடிக்குது? ஆரியங்காவு கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து உள்ளே நுழையுறதால. குற்றாலத்துல விழுற தண்ணி எங்க போகுது? சிற்றாறா ஓடித் தாமிரபரணியில சேருது. இதை எந்த கைடும் குடுக்காது. கால் கட்டோட ஜன்னல்கிட்ட உட்கார்ந்து தங்கச்சி பத்து நாள் மழையைக் குறிச்சு வெச்சிருந்தா. எந்நேரம் வந்துச்சு, எவ்வளவு நேரம் பெஞ்சுதுன்னு. பார்த்து அசந்துட்டேன்!

கடைசியில என்ன ஆச்சு? டி.சி. வாங்கல. ஹெச்.எம்.மைப் பார்த்து மெடிக்கல் சர்ட்டிபிகேட் குடுத்தோம். சித்தப்பா பக்குவமா பேசினதுல, கிளாஸ் தோழி ஒருத்தி தினமும் நோட்டை போட்டோ எடுத்து அனுப்ப ஒத்துக்கிட்டா. மூணு மாசம் மட்டும் வீட்டுப் படிப்பு. மெயின் புஸ்தகம் அதே அரசுப் பாடநூல். தமிழ்ல படிச்சது புரியாத இடத்துல மட்டும், என்.ஐ.ஓ.எஸ். தளத்துலேர்ந்து இலவசமா இறக்கின சயின்ஸ் புக். செலவு? பிரின்ட் எடுத்த காசு. நான் வாங்கின ரெண்டு பை புஸ்தகத்துல ஸ்போக்கன் இங்கிலீஷ் மட்டும்தான் தப்பிச்சுது. மத்ததைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார். ஹ்ம்ம்!

ஃப்ரெண்ட்ஸ், உங்க வீட்டுலயும், தெருவுலயும் இப்படி ஒரு கேள்வி உங்ககிட்ட வரும். 'காலேஜ் படிக்கிற புள்ள, நீயே சொல்லு'ன்னு நம்பிக் கேட்பாங்க. பந்தாவா ஒரு புக் பேரைச் சொல்லிட்டு வந்துடாதீங்க. நீ என்னவாகணும், அதுக்கு எந்த சர்ட்டிபிகேட் வேணும், இப்ப கையில இருக்கிற தகுதியில எது போகும்... இந்த மூணையும் முதல்ல கேளுங்க. அதுவும் அப்பா அம்மாகிட்ட இல்லை, படிக்கப் போற பிள்ளைகிட்டயே கேளுங்க.

போன வாரம் கட்டுப் பிரிச்சாச்சு. தங்கச்சி போன் பண்ணினா. "அண்ணே, திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போறேன். அந்த ஒலிம்பியாட் புக்கை என்ன பண்ணட்டும்?"

"பத்திரமா வை, அடுத்த தடவை பிரானூர்ல பரோட்டா பார்சல் கட்ட ஆகும்"னேன்.

"போங்கண்ணே! அதுல நாலு கணக்குப் போட்டுட்டேன்"கிறா.

வாங்கின காசு வீண் போகலை!